"உன் காலில் நில்" என்றேன், அன்றிலிருந்து பையன் பேசுவதில்லை

கேள்வி:

நாங்கள் திருச்சி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கணவர் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை. தத்தெடுக்காமல் வீட்டில் வைத்து வளர்க்கும் அரசின் வளர்ப்புப் பராமரிப்புத் திட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பையனை வீட்டுக்கு அழைத்துவந்தோம். ஆறு வயதிலிருந்து குழந்தைகள் இல்லத்தில் இருந்தவன். தாய் தந்தை இருவரும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். உறவென்று யாரும் தேடி வரவில்லை. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவான்.

இப்போது பிளஸ் டூ படிக்கிறான். மார்ச்சில் 18 வயது நிறைகிறது. அதோடு அவனை எங்களிடம் ஒப்படைத்த ஆர்டர் முடிந்துவிடும், மாதப் பணமும் நின்றுவிடும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். இவனுக்கோ சாதம் வடிக்கத் தெரியாது, பாங்குக்குத் தனியாகப் போகமாட்டான். கையில் கொடுத்த பணத்தைச் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "மார்ச்சுக்குப் பிறகு உன் காலில் நீதான் நிற்கவேண்டும், இப்போதே எல்லாவற்றையும் கற்றுக்கொள்" என்றேன். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. நண்பனோடு கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகப்போகிறேன் என்கிறான். சாதிச் சான்றிதழும் இல்லாததால் மேலே படிக்கவைக்க வழி தெரியவில்லை. இதற்கிடையில் என் கொழுந்தனார், "பதினெட்டுக்கு மேல் வைத்திருந்தால் நாளைக்குச் சொத்தில் பங்கு கேட்பான்" என்று என் கணவர் மனத்தைக் கலைக்கிறார். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சாதம், பாங்கு, சான்றிதழ், கொழுந்தனார் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் அன்று சொன்ன வாக்கியத்தைச் சரிசெய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் மற்ற எதைக் கற்றுக்கொடுத்தாலும் அவன் மனத்தில் ஏறாது.

பெற்ற வீட்டில் வளரும் பிள்ளையிடம் "உன் காலில் நில்" என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவான், இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். இல்லத்தில் வளர்ந்த பிள்ளையின் கதை வேறு. "துணியை எடுத்து வை, கமிட்டிக்குப் போகவேண்டும்" என்று காலையில் சொல்வார்கள். கமிட்டி என்பது பிள்ளை எங்கே வளரவேண்டும் என்று உத்தரவிடும் குழந்தைகள் நலக் குழு. இரவு வேறோர் ஊரில், வேறு கட்டிலில் படுத்திருப்பான். கூடப் படித்த அண்ணன்கள் 18 வயதானதும் ஒரு பையோடு கிளம்பிப் போனதையும், அதன் பிறகு அவர்களைப் பற்றி யாரும் பேசாததையும் அவன் கண்ணால் பார்த்திருப்பான். அப்படிப்பட்டவனிடம் நீங்கள் மாதத்தைக் குறிப்பிட்டு, "மார்ச்சுக்குப் பிறகு" என்றீர்கள். அக்கறையில்தான் சொன்னீர்கள். அவன் காதில் விழுந்தது வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். கோயம்புத்தூர்ப் பேச்சையும் வெறும் வேலை ஆசையாக நான் எடுத்துக்கொள்ளமாட்டேன். பிறர் அனுப்புவதற்கு முன் நாமே கிளம்பிவிட்டால் வலி குறைவு என்று இப்படிப்பட்ட பிள்ளைகள் மிக இளம் வயதிலேயே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

ஆகவே நீங்களும் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து முதலில் உங்களுக்குள் முடிவெடுங்கள். மார்ச்சுக்குப் பிறகும் அவன் இந்த வீட்டில் இருக்கலாமா? இருக்கலாம் என்றால் அதை உங்கள் கணவர் வாயால் அவனிடம் சொல்லவேண்டும். நீங்கள் சொன்னால் "அத்தை இரக்கப்பட்டுச் சொல்கிறார், மாமா மனத்தில் என்ன இருக்கிறதோ" என்று நினைப்பான். பெரிய பேச்சு எதுவும் வேண்டாம். "ஆர்டர் முடிகிறது, அது அவர்கள் கணக்கு. நீ எங்கே படித்தாலும் எங்கே வேலை பார்த்தாலும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இங்கேதான் வரவேண்டும், வேலை போனாலும் இங்கேதான் வரவேண்டும்" என்றால் போதும். வீட்டுச் சாவி ஒன்றை நகலெடுத்துக் கையில் கொடுங்கள். உங்களால் அவ்வளவு உறுதி தரமுடியாது என்றால் முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்: படிப்பு முடியும்வரை, அல்லது முதல் வேலை நிலைக்கும்வரை. சொல்லிவிட்டுப் பின்வாங்குவதைக் காட்டிலும் சிறிய வாக்குறுதி மேல்.

அடுத்தது ஷூ. விட்டுவிடுங்கள். அவன் வாழ்நாளில் பெரும்பகுதி யாரோ நன்கொடையாகக் கொடுத்த சட்டையையும், யாரோ பிறந்தநாளுக்கு வந்து கொடுத்த செருப்பையும் போட்டுக்கொண்டு, அதற்காகப் போட்டோவுக்கும் நின்றவன். தன் காலின் அளவுக்கு, தனக்குப் பிடித்த நிறத்தில், தானே கடைக்குப் போய் வாங்கிய முதல் பொருள் அதுவாக இருக்கலாம். பிள்ளை ஊதாரி என்று அதை வைத்து முடிவுகட்டாதீர்கள். பணம் கையாளத் தெரியவில்லை என்பது உண்மைதான். தெரியாததற்குக் காரணம், கையாள இதுவரை பணம் கிடைத்ததில்லை.

இல்லத்தில் மணி அடித்தால் எழவேண்டும், மணி அடித்தால் தட்டோடு வரிசையில் நிற்கவேண்டும், தட்டில் விழுந்ததைச் சாப்பிடவேண்டும். "உனக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. நூறு பிள்ளைகளை நான்கு பேர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் எழவும் முடியாது. இல்லத்தாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அதனால் இந்தப் பிள்ளைகளுக்குப் பழகாமல் போவது சமையலைவிட அடிப்படையான ஒன்று: தேர்ந்தெடுப்பதும், தேர்ந்தெடுத்ததன் விளைவோடு இருப்பதும். நான்கு ஆண்டுகளாக நீங்களும், பாசத்தில், அதையே செய்துவந்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் தொனி சொல்கிறது. துணி துவைப்பது நீங்கள், ரீசார்ஜ் செய்வது மாமா, பஸ் பாஸ் வாங்கிக் கொடுப்பதும் மாமா.

இந்த மாதத்திலிருந்து ஒரு தொகையை அவன் பொறுப்பில் விடுங்கள். உங்கள் வசதிக்கு 1,000 ரூபாய் என்றால் 1,000. எந்தெந்தச் செலவு அதற்குள் வரும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்: செல்போன் ரீசார்ஜ், முடிவெட்டு, சோப்பு, ஷாம்பு, நோட்டு, நண்பர்களோடு டீ. சாப்பாடும் பள்ளிக்கூடம் போய்வரும் செலவும் அதில் சேராது. அவை எந்தக் காலத்திலும் தண்டனைக்கோ பாடத்துக்கோ உரிய பொருள்கள் அல்ல. பசித்து வளர்ந்த பிள்ளையிடம் சாப்பாட்டை வைத்துப் பாடம் நடத்தவே கூடாது. மற்றபடி 20-ஆம் தேதியே பணம் தீர்ந்து ரீசார்ஜ் இல்லாமல் நின்றால், நிற்கட்டும். பத்து நாள் வைஃபை தேடி அலையட்டும். "பார்த்தாயா, நான் அன்றைக்கே சொன்னேன்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் நீங்கள் விழுங்கிக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாயில் இப்போது தடுமாறுவது, கோயம்புத்தூரில் முதல் மாதச் சம்பளத்தில் தடுமாறுவதைவிட எவ்வளவோ மலிவு.

சமையலைத் துண்டு துண்டாகக் கற்றுத்தராதீர்கள். "வா, வெங்காயம் நறுக்கு" என்று கூப்பிட்டால் அவன் காலம் முழுவதும் வெங்காயம் நறுக்கும் உதவியாளாகத்தான் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை முழுதாக அவனிடம் ஒப்படையுங்கள். என்ன சமைப்பது என்று அவன் தீர்மானிக்கவேண்டும், அவனே கடைக்குப் போகவேண்டும், மூன்று பேருக்கு அளவு பார்க்கவேண்டும், கடைசியில் பாத்திரமும் அவனே கழுவவேண்டும். சாதம், ரசம், முட்டைப் பொரியல் போதும். முதல் வாரம் சாதம் குழைந்துபோனால் மாமா முகம் சுளிக்காமல் சாப்பிடவேண்டும். வீட்டுப்பாடம் அவருக்கும் உண்டு.

சிலிண்டர் மாற்றுவதையும் அவனே செய்யட்டும். புதுச் சிலிண்டர் வந்ததும் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மூடியைக் கழற்றி, வாய்க்குள் ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும். ரெகுலேட்டரை மாட்டியபின் சோப்பு நுரையை இணைப்பில் தடவிப் பார்த்தால், கசிவு இருந்தால் குமிழி வரும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ முதல் டி வரை ஓர் எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்பவேண்டிய காலம் அது. நாள் கடந்ததைத் திருப்பி அனுப்பலாம். நாளைக்கு நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்தால் இதைத் தெரிந்தவன் ஒருவனாவது அங்கே இருப்பான்.

இனிக் காகிதங்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலைப்பட்டதைவிட அதிகமாக நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். சமையலை 20 வயதிலும் கற்றுக்கொள்ளலாம். சில காகிதங்களை 18-க்கு முன் கேட்பது சுலபம், பிறகு அலைச்சல்.

ஆதாரை எடுத்துப் பாருங்கள். இல்லத்தில் இருக்கும்போது எடுத்ததென்றால் முகவரி இல்லத்தினுடையதாகவும், இணைத்த கைபேசி எண் அங்கிருந்த கண்காணிப்பாளருடையதாகவும் இருக்கும். ஓ.டி.பி. எல்லாம் எங்கோ யாருடைய கைபேசிக்கோ போய்க்கொண்டிருக்கும். 15 வயதில் கைரேகையும் கண் பதிவும் புதுப்பித்திருக்கவேண்டும். பல பிள்ளைகளுக்கு விட்டுப்போயிருக்கிறது. ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பாங்குப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அவனையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்தம் வேண்டுமென்றால் இ-சேவை மையத்துக்கும் ஆதார் மையத்துக்கும் அவன் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். டோக்கன் வாங்குவது, படிவம் நிரப்புவது, "இன்று சர்வர் வேலை செய்யவில்லை" என்பவரிடம் பணிவாக, ஆனால் விடாமல், "எப்போது வரட்டும் சார்?" என்று கேட்பது எல்லாம் அங்கேதான் பழகும்.

பாங்குக் கணக்கு சிறுவர் கணக்காக இருந்தால் 18 நிறைந்ததும் புதிய கையெழுத்தும் அடையாளச் சான்றும் கொடுத்து அவன் மட்டும் இயக்கும் கணக்காக மாற்றவேண்டும். இல்லத்தில் இருந்தபோது அவன் பெயரில் வேறு கணக்கு தொடங்கியிருந்தார்களா என்றும் விசாரியுங்கள். வாக்காளர் பட்டியலுக்கு 17 வயதிலேயே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். படிவம் 6-இல் பெற்றோர் இல்லாதவர்கள் சட்டப்படியான பாதுகாவலர் பெயரை எழுத இடம் இருக்கிறது. கையில் ஓர் அரசு அடையாள அட்டை கூடுதலாக இருப்பது அறை தேடும்போது உதவும்.

சாதிச் சான்றிதழுக்கு ஒரு வழி இருக்கிறது. இது பல தலைமையாசிரியர்களுக்கே தெரிவதில்லை. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகளும் இடம்பெற்றிருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதற்குப் பொருந்துகிறது. பெற்றோரின் இறப்புச் சான்றோ, அது இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு நகலோ, இல்லத்தில் சேர்ந்த தேதியைக் காட்டும் கடிதமோ எடுத்துக்கொண்டு வட்டாட்சியரைப் பாருங்கள். கீழே உள்ளவர்கள் "அப்பாவின் சாதிச் சான்றிதழ் கொண்டுவா" என்று திருப்பி அனுப்பக்கூடும். பட்டியலில் அந்தப் பதிவு இருக்கும் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ முடிவு வந்தபிறகு இதற்கு ஓடினால் சேர்க்கைக்குள் கிடைப்பது கடினம்.

மாதப் பணம் பற்றி அலுவலகத்தில் சொன்னது பாதி உண்மை. வளர்ப்புப் பராமரிப்புக்கான மாதம் 4,000 ரூபாய் 18 வயதோடு நிற்கும். ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவும் அதன் விதிகளும் பிற்காப்பு என்று ஒன்றைப் பேசுகின்றன: 18 முடித்து வெளியேறுபவருக்கு 21 வயது வரை, சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரை உதவி. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் அதற்கும் மாதம் 4,000 ரூபாய் உண்டு. ஆறு முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்து தங்கும் வீடு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை என்றெல்லாம் விதிகளில் இருக்கிறது; ஏட்டில் உள்ள அளவுக்கு நாட்டில் இல்லை என்பது வேறு விஷயம்.

ஒரு சிக்கலை மறைக்கமாட்டேன். சட்டத்தின் சொற்கள் இல்லத்திலிருந்து வெளியேறுபவரைத்தான் குறிக்கின்றன. உங்கள் பையன் வெளியேறப்போவது வீட்டிலிருந்து. ஏழு ஆண்டுகள் இல்லத்தில் இருந்தவன், வீட்டுக்கு வந்ததும் குழுவின் உத்தரவால்தான் என்பதை முதல் வரியிலேயே எழுதி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் மனு கொடுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அவனுக்கான தனிநபர் பராமரிப்புத் திட்டத்தின் நகலையும் கேளுங்கள். எந்தப் படிப்பு, எங்கே தங்குவது, யார் பொறுப்பு என்பதெல்லாம் 18 நிறையுமுன்னரே அதில் எழுதப்படவேண்டும், எழுதும்போது பையனையும் கேட்கவேண்டும். மனுவை அவனே எழுதட்டும், நீங்கள் பிழை திருத்துங்கள்.

கோயம்புத்தூர் விஷயத்துக்கு வருகிறேன். போகாதே என்று தடுக்காதீர்கள்; போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அரையாண்டு விடுமுறையில் நண்பன் தங்கும் அறையில் இரண்டு நாள் இருந்து, வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள், மெஸ்ஸுக்கு எவ்வளவு, சம்பளத்தில் மிச்சம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வரட்டும். கணக்கை அவனே போட்டுப் பார்த்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

நீங்கள் பட்டப்படிப்பை மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. சீக்கிரம் சம்பாதிக்கவேண்டும் என்ற அவசரம் உள்ள பையனுக்கு ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையம் நல்ல வழி என்பது என் கருத்து. உங்கள் மாவட்டத்திலேயே திருவெறும்பூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலக்ட்ரீஷியனோ ஃபிட்டரோ முடித்தால் பெல் நிறுவனத்திலும் பொன்மலை ரயில்வே பணிமனையிலும் உதவித்தொகையோடு தொழில் பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் கிடைக்கும். பொறியியல் படிக்க ஆசைப்பட்டால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. முடிவு அவனுடையது.

வெளியூர் போவதற்கு முன் அவன் பழகவேண்டியது "முடியாது" என்று சொல்ல. இல்லத்துப் பிள்ளைகளுக்கு நண்பன்தான் உறவு. நண்பன் கேட்டால் மறுக்கமாட்டார்கள். "உன் பாங்குக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் ஒரு மாதம் கொடு, ஐயாயிரம் தருகிறேன்" என்று கேட்பவர்கள் 18 நிறைந்த, பின்னால் கேட்க ஆள் இல்லாத பையன்களைத்தான் தேடுகிறார்கள். அந்தக் கணக்கு வழியாக மோசடிப் பணம் போனால் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரனை. கடன் செயலி, அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து, தன் பெயரில் சிம் வாங்கிக் கொடுப்பது எல்லாம் இதே வகை. சைபர் மோசடிக்கு 1930 என்ற எண்ணை அவன் கைபேசியில் பதியச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, மறுப்பதற்கு ஒரு சாக்கு கொடுங்கள்: "என் மாமாவிடம் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன்." கேட்க ஒரு மாமா இருக்கிறார் என்று தெரிந்தாலே பாதிப் பேர் விலகிவிடுவார்கள்.

இன்னொரு கேள்வி அவனுக்காகக் காத்திருக்கிறது. வீட்டு உரிமையாளர் கேட்பார், மேஸ்திரி கேட்பார், நாளைக்குப் பெண் வீட்டாரும் கேட்பார்கள்: "அப்பா என்ன செய்கிறார்?" அந்த இடத்தில் தடுமாறிப் பொய் சொல்லி, பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற முடியாமல் வேலையையே விட்டுவிட்டு வந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவன் உரிமை. ஆனால் முன்பே ஒரு பதில் வாயில் தயாராக இருக்கட்டும். "அப்பா அம்மா தவறிவிட்டார்கள், திருச்சியில் அத்தை வீடு" என்பதில் பொய் எதுவும் இல்லை. உங்கள் கைபேசி எண்ணை அவசரத் தொடர்புக்குக் கொடுக்கலாம் என்று நீங்களாகவே சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படுவான்.

கடைசியாக உங்கள் கொழுந்தனார். அவருக்குச் சட்டத்தைச் சொல்லிவிடலாம். வளர்ப்புப் பராமரிப்பு தத்தெடுப்பு ஆகாது. அதனால் சொத்தில் எந்த வாரிசுரிமையும் தானாக வருவதில்லை. ஒருவர் எத்தனை ஆண்டு உங்கள் வீட்டில் தங்கினாலும் அது மாறாது. 18 நிறைந்தவன் தன் விருப்பப்படி உங்கள் வீட்டில் தங்குவதற்கு எந்த ஆர்டரும் தேவையில்லை, எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. நாளைக்கு நீங்களும் கணவரும் விரும்பி அவனுக்கு எதையாவது கொடுக்க நினைத்தால் அதற்கு உயிலோ தானப் பத்திரமோ எழுதவேண்டும், எழுதுவதும் எழுதாததும் உங்கள் இருவர் விருப்பம். இதை உங்கள் கணவர் தம்பியிடம் நேரில் சொல்லட்டும், பையன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. இந்தப் பேச்சு ஏற்கெனவே அவன் காதுக்கு எட்டியிருக்கலாம் என்பது என் சந்தேகம். அப்படியானால் அவன் பேசாமல் இருப்பதற்கு உங்கள் வாக்கியம் மட்டுமே காரணம் அல்ல.

பிற்காப்பு மனுவைப் பொதுத்தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள், இந்த மாதமே கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அந்த நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்கு அவனையும் அழைத்துக்கொண்டு போங்கள்.